இன்டர் ஹார்ட்

கொட்டாஞ்சேனைக்காரருக்கும் 'ஹ' என்ற எழுத்துக்கும் ஆதியிலிருந்தே பொருத்தமில்லை. இருக்கிற இடத்தில் விழுங்கிவிடுவார்கள். இல்லாத இடத்தில் ஊதிவிடுவார்கள். ஹார்பரில் வேலை செய்கிறவன் 'ஆபரில் வேலை' என்பான். அவனே சம்பளம் வாங்க ஓபிசுக்குப் போனால் 'ஹோபிசுக்குப் போனனான்' என்பான். இதனால் யாருக்கும் இதுவரை ஒரு கெடுதலும் வந்ததில்லை. உப்புக் கிட்டங்கி ஒழுங்கையில் மட்டும் வந்தது.

அந்த ஒழுங்கையின் ஏழாம் நம்பர் வீட்டில் பிறிஜெற் இருந்தாள். புருஷன் செத்துப் பதினொரு வருஷம். கோட்டையிலுள்ள கப்பல் கம்பெனிக் கிளாக்கர்மாருக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்து அனுப்புவது பிழைப்பு. இருபத்திரண்டு கரியர், ஒவ்வொன்றும் மூன்று தட்டு. கீழ்த் தட்டில் சோறு, நடுவில் மீனோ இறைச்சியோ, மேலே இரண்டு மரக்கறியும் ஒரு சம்பலும். விடிய நாலு மணிக்கு அவள் துருவலையில் ஏறி உட்கார்ந்தால் ஐந்தரைக்குள் பன்னிரண்டு தேங்காய் ஓடாகிவிடும். றம்பை இலையும் கறிவேப்பிலையும் எண்ணெயில் விழுகிற மணத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் கண் விழிப்பார்கள். மணிக்கூடு வாங்கவேண்டிய தேவையே அந்த ஒழுங்கைக்கு இருக்கவில்லை. பத்தரைக்கு, கரியர்களைக் கோட்டைக்குச் சுமந்து போகிற பொடிசிங்கோ தோளில் காவுதடியோடு வந்து வாசலில் நின்று, "அக்கே, பரக்கு வெனவா!" என்று நேரம் போவதைச் சொல்லிக் கத்துவான். அவன் எத்தனை மணிக்கு வந்தாலும் அப்படித்தான் கத்துவான்.

அவளுக்கு ஒரே மகன் ஹியூபேட். பெயரிலேயே 'ஹ' இருந்ததால் ஒழுங்கை அவனை 'யூபேட்' என்றது. மெற்றிக்குலேஷன் பாஸ் பண்ணினான். நேரே யூனிவர்சிற்றி கொலிஜுக்குப் போக அவனுடைய லத்தீன் மார்க்ஸ் போதவில்லை. அதனால், மன்னருக்கு முடிசூட்டிய வருஷம், மருதானையில் ஒரு தொப்பிக் கடையின் மேல்மாடியில் நடந்த கொறோனேஷன் இன்ஸ்டிற்றியூட்டில் சேர்ந்தான். அங்கே ஒன்றரை வருஷம் படித்து லண்டன் சோதனை எழுதவேண்டும். அதில் பாஸ் பண்ணினால், மீதிப் படிப்புக்கு யூனிவர்சிற்றி கொலிஜில் எடுப்பார்கள். மேல்மாடியில் படித்துப் பெரிய வாசலால் உள்ளே போகிற வழி. சோதனையின் பெயர் இன்டர்மீடியற் இன் ஆர்ட்ஸ். பொடியன்கள் சுருக்கி 'இன்டர் ஆர்ட்ஸ்' என்பார்கள்.

சேர்ந்த அன்றைக்கு வீட்டுக்கு ஓடி வந்து, "அம்மா, இன்டர் ஆர்ட்ஸ் கிடைச்சிட்டுது!" என்றான் அவன்.

பிறிஜெற் அப்போது சீலா மீன் துண்டத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே மகனுடைய கன்னத்தைத் தடவினாள். பிறகு அந்த மஞ்சள் கையோடு பைப்படிக்குப் போனாள்.

ஒழுங்கை முனையிலுள்ள பைப்படிதான் அந்தப் பக்கத்தின் வழக்குத் தீர்க்கிற பெரிய கோடு. பன்னிரண்டாம் நம்பர் கொன்ஸ்ரன்ஸ் அதற்குத் தலைமை நீதவான். அவள் வாளி நிரம்பும்வரைக்கும் மற்றவர்கள் நிற்கவேண்டும். நிற்கிற நேரத்தில் வழக்குகள் தீரும்.

"மகன் ஹார்ட் படிக்கப் போறான்," என்றாள் பிறிஜெற்.

"ஹார்ட்டோ?"

"இன்டர் ஹார்ட்."

கொன்ஸ்ரன்ஸ் யோசித்தாள். கன்னியாஸ்திரிகளிடம் மூன்றாம் வகுப்புவரை இங்கிலீஷ் படித்தவள் அவள். "இன்டர் எண்டா உள்ளுக்குள்ள. ஹார்ட் எண்டா இருதயம். இருதயத்துக்கு உள்ளுக்குள்ள படிக்கிற படிப்பு. வெளியால படிக்கிறது சாதாரண டொக்டர்மார்," என்று தீர்ப்புச் சொன்னாள்.

அன்றைக்கு முதன்முதலாகப் பிறிஜெற்றின் வாளி கொன்ஸ்ரன்ஸின் வாளிக்கு முன்னால் நிரம்பியது.

ஹியூபேட்டுக்கு ஒன்றும் தெரியாது. விடிந்தால் போய், பொழுதுபட வருகிறவன். சிம்னி விளக்கின் கீழே லத்தீன் வேற்றுமைகளை உரத்துப் பாடமாக்குவான். அது கேட்டு ஒழுங்கைக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. மருந்துச் சீட்டு லத்தீனில்தானே எழுதுகிறார்கள்! யாராவது வழியில், "தம்பி, ஹார்ட் எப்பிடிப் போகுது?" என்று கேட்டால் அவன் காதில் அது 'ஆர்ட்ஸ்' என்றே விழும். "பரவாயில்ல அண்ணே, லொஜிக்தான் கொஞ்சம் மண்டைய உடைக்குது," என்பான். லொஜிக் என்பது இருதயத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டால் படியாதவர்கள் என்று தெரிந்துவிடும்.

இப்படியே ஒன்றரை வருஷம் போனது. கார்த்திகை மாதம் அவன் சோதனை எழுதினான்.

நத்தார்ப் பண்டிகைக்குப் பத்து நாளைக்கு முந்தி, வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த சிவக்கொழுந்து கிளாக்கர் பிறிஜெற் வீட்டுக்கு நேரிலே வந்தார். கறியில் உறைப்புப் போதாது என்று முறையிட வந்தவர். மனைவி யாழ்ப்பாணத்தில், ஆறு வருஷமாகப் பிறிஜெற்றின் கரியர்தான் அவருடைய மத்தியானம். மேசையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"ஆர் படிக்கிறது, மகனோ? ஓ, இன்டர் ஆர்ட்ஸ். நல்லது. என்ர மச்சானின்ர பெடியனும் இதுதான். சரித்திரம், லத்தீன், லொஜிக்... முடிச்சா நல்ல பள்ளிக்கூடத்தில மாஸ்ரர் ஆகலாம்."

"மாஸ்ரரோ? டொக்டர் எண்டெல்லோ..."

"டொக்டரோ?" சிவக்கொழுந்து கண்ணாடியை மேலே தள்ளினார். "அது மெடிக்கல் கொலிஜ் அம்மா. அதுக்கும் இதுக்கும் என்ன? இவருக்குத் தவளை வெட்டவும் தெரியாது. இது ஆர்ட்ஸ். ஆ... ஆர்ட்ஸ்." வாயை அகலத் திறந்து காட்டினார். அதில் 'ஹ' இல்லை என்பது பிறிஜெற்றுக்கு அவருடைய உள்நாக்குவரை தெரிந்தது.

அவர் போன பிறகு அவள் கரியர்களைக் கழுவினாள். அறுபத்தாறு தட்டையும் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாள். மகன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. மாஸ்ரர் என்றாலும் குறைச்சலா? ஆனால் பைப்படியில் போய் எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள், அந்த மட்டுக்கு அவளைக் குறை சொல்ல ஏலாது.

அன்று பின்னேரமே அடுத்த வீட்டு றோஸி வந்தாள். அவளுடைய புருஷன் றேமண்ட் துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டுகிறவன். கப்பல் வயிற்றிலிருந்து அரிசி மூட்டைகளைச் சங்கிலியில் தூக்கி இறக்குகிற வேலை. நாற்பத்தைந்து வயது, வாட்டசாட்டமான ஆள், சிரித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

"அக்கா, இவருக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பிடிக்குதாம். கப்பல் ஏணியில நிண்டு நிண்டுதான் ஏறுறாராம். இடக் கையும் விறைக்குதாம்."

"பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவன், புள்ள."

"திங்கக்கிழமை போறதுக்கு லீவு சொல்லி வச்சிருக்கிறார். அதுக்கு முந்தித் தம்பியட்ட ஒரு சொல்லுக் கேட்டா என்ன எண்டு பாத்தன். நம்மட புள்ள ஹார்ட்டே படிக்கேக்க வேற ஆரட்டப் போறது? வாயுவா இருக்குமோ அக்கா?"

இதுதான் நேரம். 'அவன் படிக்கிறது அது இல்ல, றோஸி' என்று ஐந்து சொல் போதும். பிறிஜெற்றின் வாயிலிருந்து, "கேட்டுச் சொல்லுறன்," என்றுதான் வந்தது.

மகனிடம் கேட்கவில்லை. கேட்டால் அவன் விழுந்து விழுந்து சிரிப்பான்; சிரித்துவிட்டு நேரே றோஸி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். அப்படிப்பட்ட பிள்ளை.

மறுநாள் விடியற்காலை பைப்படியில் ஆறு பெண்கள் நின்றார்கள். றோஸி எல்லாருக்கும் கேட்கும்படி, "தம்பி என்ன சொன்னவன் அக்கா?" என்றாள். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொன்ஸ்ரன்ஸ் பைப்பை மூடினாள், பதில் தெளிவாகக் கேட்கட்டும் என்று.

"வாயுவாம்," என்றாள் பிறிஜெற். றோஸி கொண்டுவந்த சொல்லைத்தான் திருப்பிக் கொடுத்தாள். கையில் வேறு ஒன்றும் இருக்கவில்லை. "வெள்ளுள்ளியைப் பாலில போட்டுக் காய்ச்சிக் குடிக்கட்டாம்."

றோஸி அந்த இடத்திலேயே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை றேமண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு விஞ்சுக்குப் போனான்.

அதன் பிறகு ஒழுங்கை சில புதினமான விஷயங்களைக் கவனித்தது. பிறிஜெற் தினமும் பின்னேரம் மூடி போட்ட கோப்பை ஒன்றை றோஸி வீட்டுக்குக் கொடுத்தாள். தேங்காய்ப்பால் விடாத மரக்கறி, அவித்த மீன், பாவக்காய். கொடுக்கும்போது கதவு நிலையைப் பார்த்தபடி கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சுவாமியாரிடம் நன்மை அப்பம் வாங்க எழும்பவில்லை. விடிய எழும்பிக் கறி ருசி பார்க்கிற பழக்கத்தில் உபவாசம் முறிந்திருக்கும் என்று முதல் ஞாயிறு சொன்னார்கள். ஞாயிறுகளில் கரியர் இல்லை என்பது மூன்றாம் ஞாயிறு ஞாபகம் வந்தது. காரணம் தெரியாமல் கொன்ஸ்ரன்ஸுக்கு இரண்டு கிழமை சாப்பாடு இறங்கவில்லை.

றேமண்டைக் கண்டால் பிறிஜெற் வீட்டுக்குள் போய்விடுவாள். அவன் விடமாட்டான். ஒழுங்கையில் நின்று தொப்பியைத் தூக்குவான்.

"அக்கா! தம்பியின்ர மருந்து வேலை செய்யுது. நெஞ்சு பஞ்சு மாதிரி!"

"ஏணியில ஏறேக்க?"

"கொஞ்சம் மூச்சு வாங்கும். வாயு தானே, போகப் போகச் சரி வரும்."

"ஒருக்கா ஆஸ்பத்திரியிலயும் காட்டினா என்ன, றேமண்ட்?"

"என்ன அக்கா நீங்க! சொந்தப் புள்ளையில நம்பிக்கை இல்லையா?" மூன்று வீட்டுக்குக் கேட்கச் சிரிப்பான். அவள் உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பாள். அந்த மாதங்களில் அவளுடைய சோறு நாலு தரம் அடிப்பிடித்தது. சிவக்கொழுந்து கடிதம் எழுதிப் பொடிசிங்கோவிடம் கொடுத்தனுப்பினார்.

தவக்காலம் வந்தது. பங்குனி வெயில், காற்று என்று பேருக்கும் இல்லை, துறைமுகத்து நிலக்கரித் தூள் தகரக் கூரைகளில் அப்படியே படிந்து கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை லண்டனிலிருந்து ரிசல்ற் வந்தது. ஹியூபேட் பாஸ். யூனிவர்சிற்றி கொலிஜில் சேர விண்ணப்பம், சான்றிதழ், பங்குச் சுவாமியாரின் நன்னடத்தைப் பத்திரம் எல்லாம் அடுத்த திங்கட்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். கடிதத்தை மூன்று தரம் வாசித்துக் காட்டினான். பிறிஜெற் ஒரு றாத்தல் சீனி வாங்கித் தொதல் கிண்டத் தொடங்கினாள்.

தொதல் இறுகமுதல் றோஸி வந்தாள். தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. றங்கூனிலிருந்து வந்த அரிசிக் கப்பலில், விஞ்சின் பிடியைப் பிடித்தபடியே றேமண்ட் விழுந்துவிட்டானாம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம். டொக்டர் சொன்னது ஒரே சொல்தான்.

"ஹார்ட்டாம்!" என்று வாசலில் நின்று அலறினாள் றோஸி. "மூண்டு மாசத்துக்கு முந்திக் கொண்டு வந்திருந்தா என்னமோ செய்திருக்கலாமாம். டேய் யூபேட், வாயு எண்டு சொன்னியே! உன்னை நம்பித்தானே லீவையும் வேணாம் எண்டு சொல்லிப் போனவர்! வாயுவாடா அது? என்ன வாயடா உனக்கு?"

ஒழுங்கை முழுக்க வாசலில் நின்றது. ஹியூபேட் கையில் கடிதத்தோடு எழும்பினான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அகப்பையைப் பிடித்தபடி நின்றாள் அவள். தொதல் அடிப்பிடித்துப் புகைந்தது. அந்த முகத்தில் அவன் என்ன வாசித்தானோ, திரும்பி றோஸியைப் பார்த்தான்.

"ஓம் அக்கா," என்றான். "நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

றோஸி காறித் துப்பிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திய பிறகு பிறிஜெற் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்: ஹார்ட், சிவக்கொழுந்து, பைப்படி, உள்ளிப் பால்.

"ஏன்டா நீ பழியை எடுத்தாய்?"

"பின்ன? நீங்க இந்த ஒழுங்கையிலதானே இருக்கவேணும், அம்மா. நான் போகப் போறவன்." கையிலிருந்த கடிதத்தை மடித்து வைத்தான். "என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுறதுக்கு ஹார்ட் படிக்கத் தேவையில்ல."

அவன் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஹியூபேட் நன்னடத்தைப் பத்திரம் கேட்டு ஸ்ரனிஸ்லாஸ் சுவாமியாரிடம் போனான். அவருக்குக் கதை முந்திப் போயிருந்தது. கொன்ஸ்ரன்ஸ் தினப் பூசைக்குப் போகிறவள். டொக்டர் வேஷம் போட்டு ஒரு குடும்பஸ்தனைச் சாகக் கொடுக்கப் பார்த்தவனுக்கு நன்னடத்தை என்று கையெழுத்து வைக்கத் தன் மனச்சாட்சி இடங்கொடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஹியூபேட் வந்து புத்தகங்களைக் கட்டிக் கட்டிலின் கீழே தள்ளினான். "கப்பல் கம்பெனியில கிளாக்கர் வேலை இருக்குமோ எண்டு சிவக்கொழுந்தரைக் கேட்டுப் பாருங்க," என்றான்.

சனிக்கிழமை பின்னேரம் பிறிஜெற் கோயிலுக்குப் போய், பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டாள். பலகைத் துவாரங்களுக்கு அப்பால் சுவாமியாரின் மூக்குப்பொடி மணத்தது. ஒன்றும் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது.

"அப்ப சுவாமி, மகனுக்குக் கடதாசி குடுப்பீங்கதானே?"

அப்பால் நீண்ட மூச்சுக் கேட்டது. "பிள்ளை, நீ என்ன வேலை செய்துபோட்டாய்! இங்க கேட்டதை நான் வெளிய தெரிஞ்சமாதிரிக் காட்டிக்கொள்ள ஏலாது. இதை வச்சு ஒரு வரி எழுத ஏலாது. உன்ர மகனைப் பாத்து ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்க ஏலாது."

"ஐயோ, நான் உங்களட்டத்தானே சொன்னனான்!"

"கடவுளிட்டச் சொன்னனி. எனக்குச் சொல்லேல்ல. போ, ஆருக்குப் பொய் சொன்னியோ அவைக்குச் சொல்லு. அதுக்குப் பிறகு ஆராவது வெளியால வந்து எனக்குச் சொல்லட்டும். அதுதான் உனக்கு அபராதம்."

சுவாமியாரின் ஓபிசில் போய்ச் சொல்லியிருக்கவேண்டியதைத் தொட்டியில் சொல்லிப் பூட்டிவிட்டாள்.

ஞாயிறு விடிய, அவள் பைப்படிக்கு வாளி இல்லாமல் போனாள். அதுவே ஒரு அதிசயம். ஆறேழு பேர் நின்றார்கள்.

"நான் ஒண்டு சொல்ல வந்தனான்," என்றாள். "ஹியூபேட் படிக்கிறது ஹார்ட் இல்ல. ஆர்ட்ஸ். நான்தான் பிழையாச் சொன்னது. றேமண்டுக்கு வாயு எண்டு சொன்னதும் நான்தான். அவனட்ட நான் கேக்கவே இல்ல."

கொன்ஸ்ரன்ஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பாருங்க, பெத்த வயிறு!" என்றாள். "மகன் செய்ததைத் தன்ர தலையில போடுறா."

"இல்ல கொன்ஸ்ரன்ஸ், மெய்யாத்தான். ஆர்ட்ஸ்."

"ஆர்ட்ஸ் எண்டா படம் கீறுறதல்லோ, அக்கா? உங்கட மகன் எங்க படம் கீறினவன்? லத்தீன் பாடமாக்கினதை இந்தக் காதால கேட்டனான்."

"அவன்தான் தன்ர வாயால ஓம் எண்டு சொன்னவனே," என்றாள் இன்னொருத்தி. "விடுங்க அக்கா. எனக்கு ஒரு மகன் இருந்தா நானும் இப்பிடித்தான் சொல்லுவன்."

எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை. சொல்லச் சொல்ல அவளுடைய மதிப்புத்தான் கூடியது. யாரோ அவளுக்கு ஒரு வாளி தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார்கள். திட்டுவார்கள், துப்புவார்கள் என்று இரவெல்லாம் தயாராகி வந்தவள், புண்ணியவதியாகத் தண்ணீர் வாளியோடு வீடு திரும்பினாள்.

பின்னேரம் மூன்றரைக்கு நோயாளரைப் பார்க்க விடுகிற நேரம். மருதானைவரை டிராமில் வந்து, மிச்சத்தை நடந்து போனாள். வார்ட்டு வாசலில், தூணோடு சாய்ந்து றோஸி நின்றாள். பிறிஜெற்றைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள்.

"றோஸி, யூபேட் சொல்லேல்ல. நான் அவனட்டக் கேக்கவே இல்ல. நீ வாயுவோ எண்டு கேட்டாய். நான் ஓம் எண்டன். அவ்வளவுதான் நடந்தது."

இதையும் நம்பமாட்டாள் என்றுதான் நினைத்தாள். றோஸி வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும்," என்றாள் கடைசியில். "தெரியும் எண்டில்ல. இப்ப விளங்குது. அவன் என்னை நேர பாத்துத்தான் ஓம் எண்டு சொன்னவன். நீங்கதான் மூண்டு மாசமா என்ர முகத்தைப் பாக்காமச் சாப்பாடு தந்தது." மூக்கைச் சிந்தினாள். "ஏன் அக்கா? ஒரு வாளித் தண்ணிக்கா?"

உண்மையிலேயே ஒரு வாளித் தண்ணீருக்குத்தான்.

"சுவாமியார் தம்பிக்குக் கடதாசி குடுக்கேல்லையாமே. அவரட்ட நான் போய்ச் சொல்லுறன். அந்தப் புள்ளையின்ர படிப்பு என்ர வாயால கெடவேணாம்," என்றாள் றோஸி. "ஆனா முதல்ல நீங்க உள்ளுக்குப் போங்க. அவர் நாளைக்கு வீட்ட வரப் போறாராம். ஆறு கிழமை அசையக்கூடாது எண்டு டொக்டர் தலையால அடிக்கிறார். கேக்கிறாரில்ல. இவங்களுக்கு என்ன தெரியும், இது வாயு, யூபேட் சொன்னவன் எண்டு நிக்கிறார். செவ்வாய்க்கிழமை கப்பல் வருதாம், விஞ்சுக்குப் போகவேணுமாம். நான் சொன்னா நம்பமாட்டார். டொக்டர் சொன்னாலும் நம்பமாட்டார். நீங்க சொன்னதைத்தானே நம்பினவர். நீங்களே போய்ச் சொல்லுங்க."

வார்ட்டில் இருபது கட்டில். காபொலிக் மணம். மூலைக் கட்டிலில் றேமண்ட் எழும்பி உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தன் சேட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தான்.

"ஆ, அக்கா!" சிரித்தான். இரண்டு கட்டிலுக்குத்தான் கேட்டது. "தம்பி வரேல்லையா? அவன் வந்து இவங்களுக்கு இங்கிலீஷில நாலு சொல்லுச் சொன்னா இண்டைக்கே விட்டிருவாங்க. றோஸி அவனைப் பேசிப்போட்டாளாமே, கோவிக்க வேணாம் எண்டு சொல்லுங்க. பொம்பளை, பயந்திட்டாள்."

பிறிஜெற் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"றேமண்ட், யூபேட் டொக்டருக்குப் படிக்கேல்ல. மாஸ்ரருக்குப் படிக்கிறான். எனக்கு அந்த இங்கிலீஷ் சொல்லு விளங்கேல்ல. விளங்கின பிறகும் நான் வெக்கத்தில வாயைத் திறக்கேல்ல. வாயு எண்டு அவன் சொல்லேல்ல. நான் என்ர வாயில வந்ததைச் சொன்னனான்."

அவன் சிரித்தபடியே கேட்டான். சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. இறங்க வழி தெரியாமல் நின்றது.

"உள்ளிப் பால்?"

"அதுவும் நான்தான்."

"அப்ப... இவங்கள் சொல்லுறதுதான் சரியா? எனக்கு மெய்யாவே நெஞ்சில வருத்தமா அக்கா?"

"ஓம், றேமண்ட்."

பூட்டிய பொத்தான்களை அவன் ஒவ்வொன்றாகக் கழற்றினான். சேட்டை மடித்துக் கால்மாட்டில் வைத்தான். பிறகு முதலில் முழங்கையை ஊன்றி, பிறகு தோளை இறக்கி, கடைசியாகத் தலையைத் தலையணையில் வைத்தான். மூன்று மாதமாக ஏணியில் ஏறி இறங்கிய அந்தப் பெரிய உடம்பு, முதல் தடவையாகத் தனக்குள்ளே உடையக்கூடிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்து படுத்தது.

ஏசுவான் என்று பிறிஜெற் காத்து நின்றாள். ஏசவில்லை. மேலே சுற்றாமல் நின்ற விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"மூண்டு மாசமும் நல்லா இருந்தது அக்கா," என்றான். "படுத்தா நித்திரை வந்தது."

நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். நேர்ஸ் மிஸ்ஸி வந்து இரண்டு தரம் சொல்லிய பிறகும் பிறிஜெற் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.